கொம்பு இடம் மாறினால் எழுத்துருவைத் திட்டாதீர்கள்

"ஃபாண்ட் சரியில்லை, வேறு போட்டுப் பாருங்கள்." வடிவமைப்பு மேசையில் நாளொன்றுக்கு நான்கு முறையாவது காதில் விழும் வாக்கியம் இது. போட்டுப் பார்ப்பார்கள். கோளாறு அசையாது, அல்லது வேறு வேடத்தில் வரும். பதினோராவது எழுத்துருவில் எப்படியோ சரியாகிவிடும். ஏன் சரியானது என்று கேட்டால் பதில் இருக்காது. அடுத்த வாரம் அதே கோளாறு, அதே பதினோரு எழுத்துரு.

தமிழ் எழுத்துக் கோளாறுகள் மூன்று இடங்களில் பிறக்கின்றன. ஒன்று, கோப்புக்குள் கிடக்கும் குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. இரண்டு, அந்தக் குறிகளைச் சேர்த்து எழுத்தாக வரையும் மென்பொருள். மூன்று, வரைந்த எழுத்தைத் தாளில் உட்கார வைக்கும் நம் கை: அளவு, இடைவெளி, தடிப்பு, மை. எழுத்துருவே குற்றவாளியாக இருந்த வேலைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். ஆகவே எழுத்துருப் பட்டியலைத் திறக்கும் முன், கண்ணில் படுவது கீழே உள்ளவற்றில் எது என்று பாருங்கள்.

கொம்பு தன் எழுத்தை விட்டு அடுத்த எழுத்தின் முன்னால் நிற்கிறது

ஒரு திருமண அழைப்பிதழ், 500 படிகள். மணமகளின் பெயர் தேவகி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சாகி வந்தபோது "தவேகி" என்றிருந்தது. அதே தாளில் "திருநிறைச்செல்வி" பிழையில்லாமல் இருந்தது. அந்தச் சொல் பழைய மாதிரியிலிருந்து கர்வாக, அதாவது எழுத்தாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக எடுத்தது, பெயர் மட்டும் புதிதாக ஒட்டியது. வாட்ஸ்அப்பில் வந்த பெயரைப் பார்த்துச் சரி என்றோம். பிடிஎஃப்பைப் பெரிதாக்கி யாரும் பார்க்கவில்லை. அந்த 'யாரும்' என்பதில் நானும் உண்டு.

நடந்தது இதுதான். உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடில் எழுத்துகள் நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. 'தே' என்றால் முதலில் 'த', பிறகு இரட்டைக் கொம்பு. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். அப்போது கொம்பு 'த'வுக்குப் பின்னால் விழுந்து, 'வ'வின் முன்னால் ஒட்டிக்கொண்டதுபோல் தெரியும். "பெயர்" என்பது "பயெர்" ஆகும். 'து', 'கூ' போன்றவற்றில் உகர, ஊகாரக் குறிகள் எழுத்தோடு சேராமல் தனியே தொங்கும். இந்த அறிகுறி இருந்தால் எந்த எழுத்துருவைப் போட்டாலும் பயனில்லை.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மூலை மெனுவைத் திறந்து, 'வேர்ல்ட்-ரெடி பாராகிராப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்போசர் என்பது குறிகளைச் சேர்த்து வரியாக அமைக்கும் பகுதி. ஒவ்வொரு பத்தியிலும் இதைச் செய்துகொண்டிருக்க வேண்டாம். பத்திப் பாணியில் 'ஜஸ்டிஃபிகேஷன்' பக்கத்தில் ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரிஃபரன்ஸில் 'டைப்' பக்கத்தில் இந்திய மொழி விருப்பங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். பிறகு பத்திப் பலகத்தில் தெற்காசிய கம்போசரைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபோட்டோஷாப்பிலும் பிரிஃபரன்ஸ், 'டைப்' பக்கம்தான். பதிப்பைப் பொறுத்து 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்றோ 'வேர்ல்ட்-ரெடி' என்றோ இருக்கும். மாற்றியபின் மென்பொருளை மூடித் திறந்து, புதிய கோப்பில் சோதியுங்கள். பழைய கோப்பில் எழுத்து உடைந்தே நின்றால், அந்த அடுக்கை நீக்கிவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

கோரல்டிராவில் 2012இல் வந்த எக்ஸ்6 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. அதற்கு முந்தைய பதிப்பிலேயே வேலை ஓடும் அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே யூனிகோடு உரையோடு மல்லுக்கட்டாதீர்கள். வேறொரு மென்பொருளில் அமைத்து, கர்வாக மாற்றிக் கொண்டுபோங்கள். பேஜ்மேக்கர் என்றால் யூனிகோடு என்ற பேச்சுக்கே இடமில்லை.

முழுக்க ஆங்கில எழுத்துகள், அல்லது தொப்பி போட்ட எழுத்துகள்

வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பயப்பட வேண்டாம். அந்தக் குப்பையே அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும்.

சாதாரண விசைப்பலகை எழுத்துகளாக இருந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துரு வகை. "தமிழ்" என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரியும். இந்த ஐந்தும் வரிசையாக நிற்பதை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு மறக்காது. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் வரும் பழைய கோப்புகளில் இது அதிகம்.

மேலே கோடும் புள்ளியும் தொப்பியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால் டாம், டாப், திஸ்கி போன்ற 8 பிட் குறியேற்றம் எதுவோ ஒன்று. டாம், டாப் இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டவை. பழைய அலுவலகக் கோப்புகளில் இவற்றோடு வானவில் போன்ற தனி வகைகளும் கிடக்கும்.

மூன்றாவது வகைதான் பலரையும் குழப்புகிறது. மேலே சாய்கோடு போட்ட சிறிய 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக்குறி. இந்த இரண்டும் இரண்டு மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். இது பழைய எழுத்துரு அல்ல, நல்ல யூனிகோடுதான். யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக இருக்கும், முதல் பைட்டு எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டே வகைதான். அதை வேறு குறியேற்றமாக எண்ணித் திறந்ததால் வந்த வினை இது. கோப்பை மூடி, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் போதும். இதைக் கன்வெர்ட்டரில், அதாவது குறியேற்ற மாற்றியில் போட்டு அரைத்தால் நல்ல உரையும் கெட்டுப்போகும்.

முதல் இரண்டு வகைகளுக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி போதும். ஆனால் மாற்றியபின் வருவதை அப்படியே நம்பாதீர்கள். தட்டச்சு செய்தவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்று அடித்த காலம் அது. 'கௌ' எழுத கொம்பு, க, கடைசியில் 'ள' என்று அடித்திருப்பார்கள். மாற்றியபின் அது 'கெள' ஆகிவிடும். கௌரி என்ற பெயர் 'கெளரி' என்று நிற்கும், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 'ஔ'வுக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்துகள் நிற்பதும் உண்டு. இன்னொன்று, காலும் 'ர'வும். 'ர்' எழுதக் காலின் மேல் புள்ளி வைக்கும் பழக்கத்தால் "அவர்" என்பது "அவா்" என்று வந்திருக்கும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். கண்ணால் தேட வேண்டாம். 'கால், புள்ளி' என்ற இணையை 'ர்' என்று ஒட்டுமொத்தமாக மாற்றிவிடுங்கள், தமிழில் ஒரு காலை அடுத்துப் புள்ளி வர வழியே இல்லை. 'ெள' என்பதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். "தெளிவு" போன்ற சொற்களில் அது நியாயமாகவே வரும்.

தமிழ் சரியாக இருக்கிறது, மின்னஞ்சல் முகவரி மட்டும் தமிழ்க் குப்பையாக வருகிறது என்றால் இதன் மறுபக்கம். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகள் குடியிருக்கின்றன. முகவரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓர் ஆங்கில எழுத்துரு கொடுங்கள்.

கட்டம் கட்டமாக வருகிறது, அல்லது புள்ளியிட்ட வட்டம் தெரிகிறது

இரண்டும் ஒன்றல்ல. கட்டம் என்றால் அந்தக் குறிக்கு எழுத்துருவில் வடிவம் இல்லை என்று பொருள். கூகுள் ஆதரவில் உருவான நோட்டோ எழுத்துரு வரிசையின் பெயருக்கே 'இனிக் கட்டம் வேண்டாம்' என்பதுதான் உட்பொருள். கட்டத்துக்கு வடிவமைப்பாளர்கள் வைத்த செல்லப்பெயர் டோஃபு. உரை முழுவதும் கட்டமாக இருந்தால் தமிழ் இல்லாத எழுத்துரு கொடுத்திருக்கிறீர்கள். அல்லது கோப்பு டேஸ் 16 முறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்ற அந்த முறை, யூனிகோடில் தனிப்பயனுக்கு ஒதுக்கிய பகுதியில் எழுத்துகளை வைக்கிறது. அதற்கென்று செய்த எழுத்துரு இல்லாமல் எழுத்து தெரியாது. உரையின் நடுவே எப்போதாவது ஒரு கட்டம் மட்டும் எட்டிப் பார்த்தால், இணையத்திலிருந்து ஒட்டியபோது கூடவே வந்த கண்ணுக்குத் தெரியாத குறி. தேடி அழித்துவிடலாம். ஆனால் 'க்' என்பதும் 'ஷ' என்பதும் 'க்ஷ' என்று ஒட்டாமல் தனித்தனியே நிற்க வேண்டும் என்று சிலர் வேண்டுமென்றே அந்தக் குறியைப் போடுவார்கள். 'ஷ'வுக்கு முன்னால் இருந்தால் ஒரு நொடி யோசித்து அழியுங்கள்.

புள்ளியிட்ட வட்டம் வந்தால் எழுத்துரு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். தாய் எழுத்து இல்லாத கொம்போ காலோ அங்கே நிற்கிறது. பழைய முறையில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை யூனிகோடிலும் அப்படியே அடித்திருக்கும். எழுத்தை முதலில், கொம்பைப் பிறகு அடித்தால் வட்டம் மறையும்.

ஓரிரு எழுத்துகள் மட்டும் வேறு முகத்தோடு இருக்கின்றன

பத்தி முழுவதும் மெல்லிய கோட்டில் இருக்க, 'ஸ்ரீ' மட்டும் தடித்து நிற்கும். அல்லது ரூபாய்க் குறி வேறு யாரோ வீட்டுப் பிள்ளைபோல் இருக்கும். எழுத்துருவில் இல்லாததை மென்பொருள் பக்கத்து வீட்டில் கடன் வாங்கியிருக்கிறது. ரூபாய்க் குறி 2010இல்தான் வந்தது, அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அதற்கு முன் செய்த தமிழ் எழுத்துருக்களில் அதைத் தேடிப் பயனில்லை. 'ரூ.' என்று எழுதிவிட்டுப் போங்கள், அழகாகவே இருக்கும். 'ஸ்ரீ'யைத் தட்டச்சு செய்ய இரண்டு வழிகள் உண்டு: 'ஸ' கொண்டு ஒன்று, பின்னால் சேர்த்த 'ஶ' கொண்டு இன்னொன்று. சில எழுத்துருக்களுக்கு ஒன்றுதான் தெரியும், மற்றதை அடித்துப் பாருங்கள்.

'லை', 'ணா', 'னை' போன்றவை யானைத் துதிக்கையும் சுழியுமாக வந்தால் அது கோளாறு அல்ல. 1978ஆம் ஆண்டு அரசாணைக்கு முந்தைய வடிவங்களை வேண்டுமென்றே வைத்திருக்கும் எழுத்துரு அது. அந்தச் சீர்திருத்தத்தில் மாறியவை 13 எழுத்துகள். நினைவு மலருக்கும் பழமை தொனிக்கும் அட்டைக்கும் அந்த வடிவம் கண்ணுக்கு இதம். மருந்துச் சீட்டுக்கு வேண்டாம்.

மேல் வரியின் வால் கீழ் வரியின் தலையில் இடிக்கிறது

அடோபி மென்பொருள்களில் தானியங்கி வரி இடைவெளி எழுத்தளவில் 120 சதவீதம். 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட். ஆங்கிலத்துக்கு அது போதும். நமக்கு மேலே புள்ளியும் இகர, ஈகார வளைவும், கீழே உகர, ஊகாரக் குறிகளும் இருக்கின்றன. மேல் வரியில் 'பூ' வந்து, அதற்கு நேர் கீழே 'ம்' வந்தால் ஊகாரத்தின் வால் புள்ளியைத் தொடும். புள்ளி மறைந்தால் 'ம்' என்பது 'ம'. அழகு மட்டுமா கெட்டது, எழுத்தே மாறிவிட்டது.

10 பாயிண்டுக்கு 14இல் தொடங்குங்கள், எழுத்துருவைப் பொறுத்து 16 வரை போகலாம். சோதிக்க "கூடு, ஞூ, டூ, ஸ்ரீ, மீ, ம்" என்று மூன்று வரி அடித்து ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்குங்கள், வரி இடைவெளியில் கை வைக்காதீர்கள். 10 பாயிண்டில் நெருக்கி அடித்ததைவிட 9 பாயிண்டில் காற்றோட்டமாக இருப்பது எளிதில் படிக்கும். இதை வாடிக்கையாளரிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டார். இரண்டையும் அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள்.

தலைப்பு பிரிந்து பிரிந்து நிற்கிறது

ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை அகல விட்டு வைப்பது அழகு. அதைப் பார்த்துத் தமிழிலும் எழுத்திடைவெளியை 200, 300 என்று ஏற்றுகிறார்கள். கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டுப் போய்விடுகின்றன. விலகிய கால் 'ர'வாகத் தெரியத் தொடங்கும், "காம்" எது, "கரம்" எது என்று கண் தடுமாறும். தலைப்புக்கு அகலம் வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவைத் தேடுங்கள், அல்லது அளவைக் கூட்டுங்கள்.

வரிகளுக்கிடையே பெரிய ஓட்டைகள், சொற்கள் கண்ட இடத்தில் உடைகின்றன

இரு ஓரமும் சமமாக்கிய குறுகிய பத்தியில் "திருவளர்ச்செல்வன்" போன்ற சொல் வரிக்கடைசியில் இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கும். மேலே மிச்சமிருக்கும் மூன்று சொற்களும் பல் விழுந்த வாய்போல் விலகி நிற்கும். முதல் மருந்து, இடது ஓரம் மட்டும் சமமாக்குவது. பத்திரிகைப் பக்கம் அல்லாத எந்த வேலைக்கும் இதுவே போதும் என்பது என் கட்சி.

இரு ஓரமும் சமமாக இருந்தே தீரவேண்டும் என்றால் சொல்லை உடைக்கத்தான் வேண்டும். இதற்கு நம் இலக்கணமே வழி சொல்கிறது. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, வரிக்கு முதலிலும் வரவிடாதீர்கள். "திருவளர்ச் / செல்வன்" நன்று. "திருவள / ர்ச்செல்வன்" என்று உடைத்தால், இரண்டாம் வரியில் வாயைத் திறப்பதற்கே இடமில்லை. இன்டிசைனில் 'ஜஸ்டிஃபிகேஷன்' பக்கத்தில் சொல்லிடைவெளி 80, 100, 133 என்று இருக்கும். மேல் எல்லையைக் குறைத்துப் பாருங்கள், எழுத்திடைவெளியை பூஜ்யத்திலேயே விடுங்கள். 'திரு.' என்பது ஒரு வரியிலும் பெயர் அடுத்த வரியிலும் போனால், இரண்டையும் தேர்ந்தெடுத்து 'நோ பிரேக்' கொடுங்கள்.

எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டது

தடித்த எழுத்து வேண்டும், எழுத்துருவில் இல்லை. உடனே ஒரு வெளிக்கோடு கொடுத்துத் தடிக்க வைப்பது அச்சகங்களின் பரம்பரை வைத்தியம். 'ட', 'ப' தாங்கும். 'ண', 'ஞ', 'ஜ', 'இ' தாங்காது. அவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளை காணாமல் போய், தூரத்திலிருந்து கறுப்புக் கட்டியாகத் தெரியும். மென்பொருள் தானே செய்யும் போலித் தடிப்பும் இதே ரகம்தான். பல தடிப்புகளோடு வரும் எழுத்துருவை முதலிலேயே எடுங்கள். கட்டமரனில் ஒன்பது தடிப்புகள் உண்டு, முக்தா மலரில் ஏழு. இரண்டையும் கூகுள் ஃபாண்ட்ஸில் கட்டணமின்றி எடுக்கலாம், வணிக வேலைக்கும் தடையில்லை.

சாய்வெழுத்தும் அப்படித்தான். தமிழில் சாய்வெழுத்து மரபு கிடையாது. மென்பொருள் எழுத்தைத் தள்ளிச் சாய்க்கிறது, அவ்வளவுதான். மேற்கோளைத் தனித்துக் காட்ட வேண்டுமென்றால் மெல்லிய தடிப்போ, நிறமோ, ஓரத்தில் கொஞ்சம் இடமோ கொடுங்கள்.

சிறிய கறுப்பு எழுத்தைச் சுற்றி நிறப் பிசிறு

திரையில் கறுப்பு, தாளில் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசிகிறது. எழுத்தின் கறுப்பு நான்கு மைகளின் கலவையாக இருக்கிறது. ஆஃப்செட்டில் நான்கு பிளேட்டுகளும் ஒரு முடி அளவு விலகினாலும் பிசிறு தெரிந்துவிடும். எழுத்தின் நிறத்தைத் திறந்து, கறுப்பு மை 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள். திரைக்கான ஆர்ஜிபி நிறக் கோப்பை அப்படியே அச்சுக்கான நான்கு மை சிஎம்ஒய்கே ஆக்கினால் இந்தக் கலவைக் கறுப்புதான் வரும். அடர்ந்த பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் ஒரு படி தடித்த எழுத்தாக எடுங்கள். மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும்.

என் கணினியில் சரி, அச்சகத்தில் மாறிவிட்டது

அங்கே அந்த எழுத்துரு இல்லை, அல்லது அதே பெயரில் வேறொரு பதிப்பு இருக்கிறது. எழுத்துரு பதித்த பிடிஎஃப் அனுப்பினால் போதும். அச்சகம் "கர்வ் பண்ணி அனுப்புங்கள்" என்று கேட்டால், கர்வாக்கிய படியைத் தனிப்பெயரில் சேமியுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பின் மேலேயே கர்வாக்கிச் சேமித்துவிட்டு, மறுநாள் முகூர்த்த நேரம் மாறியதும் அழுதவர்களை அறிவேன். ஒரே கோப்பில் எல்லாத் தடிப்புகளும் அடங்கிய வேரியபிள் எழுத்துருக்களில் ஓர் எழுத்தே ஒன்றின்மேல் ஒன்று ஏறிய துண்டுகளாக இருக்கும். கர்வாக்கி வெளிக்கோடு கொடுத்தால் எழுத்துக்கு உள்ளே கோடுகள் முளைக்கும், சில சமயம் வெள்ளை ஓட்டை விழும். துண்டுகளைத் தேர்ந்தெடுத்து ஒன்றாகப் பற்றவைத்தால் தீரும்.

கர்வாக்கிய எழுத்தில் பிழைதிருத்தம் ஓடாது, தேடுதலும் ஓடாது. ஆகவே கர்வாக்கும் முன் பெயர், நாள், நேரம், இடம் நான்கையும் வாடிக்கையாளர் கைப்பட எழுதிக் கொடுத்த தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கர்வாக்கிய பின் இன்னொரு முறை, திரையில் 400 சதவீதத்தில். நான் பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கிறேன். கி, வ, தே. அப்படிப் படித்தால் கொம்பு எந்த எழுத்தின் முன்னால் நிற்கிறது என்று பார்க்காமல் தாண்ட முடியாது.